சட்டி பானையோடு அருவிக்குப் போனவள்

கால் நன்றாக இருந்த காலத்தில் ராகேல் நடந்து பார்த்தவர்கள் குறைவு. எங்கே போனாலும் ஓட்டந்தான். நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் அவள் போகும்போது பின்னால் வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும்.

அசம்பு மலையின் அடிவாரத்தில் வயலும் குளமுமாகக் கிடந்த ஓர் ஊர். ஊரை விட்டுத் தள்ளி, கணபதியப்பன் என்ற பண்ணையாரின் தென்னந்தோப்பு மூலையில், ராகேலும் அவள் புருஷன் மாசிலாமணியும் குடிசை போட்டிருந்தார்கள். தோப்பு அவருடையது. அவர்கள் வேலை செய்த வயலும் அவருடையது. மாசிலாமணியின் அப்பா காலத்திலேயே சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்ற குடும்பந்தான். ஆனால் ஊராரின் கண்ணுக்கு அவர்கள் பழைய சாதியாகவே இருந்தார்கள். கோயில் தெருவில் நடக்கக் கூடாது, ஊர்க் குளத்தில் இறங்கக் கூடாது.

ஒரு மாசி மாதம், கும்பப்பூ நெல் அறுப்பு. கதிர்க்கட்டைச் சுமந்துகொண்டு வாய்க்காலின் குறுக்கே போட்டிருந்த பனந்தடியில் ராகேல் நடந்தபோது கால் வழுக்கியது. அவள் கீழே, கட்டு மேலே. இடுப்பு உடைந்துவிட்டது. கணபதியப்பன் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது; உடனே ஆள் விட்டு ஒரு வர்ம ஆசானை வரவழைத்தார். ஆசான் குடிசைக்கு வெளியே நின்றுகொண்டார். தொட மாட்டார். அங்கே பிடி, இங்கே இழு என்று அவர் வெளியிலிருந்து சொல்லச் சொல்ல, உள்ளே மாசிலாமணி பிடித்தான், இழுத்தான். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. அதன் பிறகு ராகேல் எழுந்து நிற்கவில்லை. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்வாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகளும் இல்லை.

வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பனைநாரில் பெட்டி முடைவாள். கை பாட்டுக்கு வேலை செய்யும், கண் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் மலையின் இடுப்பில் வெள்ளையாக ஒரு கோடு விழும். அதுதான் உலக்கை அருவி.

மாசிலாமணிக்கு வயலில் வேலை இல்லாத நாட்களில் மலைமேல் இருந்த ரப்பர் எஸ்டேட்டில் வேலை கிடைக்கும். எஸ்டேட் வெள்ளைக்காரத் துரையுடையது. துரையின் விருந்தாளிகள் நாகர்கோவிலிலிருந்து மோட்டார் காரில் வருவார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் உலக்கை அருவியைப் பார்க்க வேண்டும். காட்டுப் பாதையில் துரைசாணிமார் ஏற மாட்டார்கள் என்பதால், இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே நாற்காலியைக் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த நால்வரில் ஒருவன் மாசிலாமணி. இன்னொருவன் அவனுடைய கூட்டாளி கிருஷ்ணமணி. மற்ற இருவரும் அண்ணன் தம்பி. எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்திலேயே குடியிருந்தவர்கள்.

அருவி இருந்த இடம் சர்க்காரின் ரிசர்வ் காடு. மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது. ஓடைக்கரையில் ஒரு கார்டு காவல் இருப்பார். பார்க்கப் போகிறவர்களை அவர் தடுப்பதில்லை. ஆனால் சர்க்கார் போடாத கட்டுப்பாடு ஒன்று இருந்தது. அருவித் தண்ணீர் ஓடையாக இறங்கி ஊர்க் குளத்துக்கு வருகிறது. அந்தக் குளத்துத் தண்ணீரில்தான் சாமிக்கு அபிஷேகம். ஆகையால் கீழ்ச்சாதிக்காரர்கள் ஆனைப்பாறையைத் தாண்டி மேலே போகக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்களான நாட்டார்கள் வைத்திருந்தார்கள். ஆனைப்பாறை என்பது பாதை கடைசியாகத் திரும்பும் இடத்தில் நிற்கும் பெரிய பாறை. அங்கே நாற்காலியை இறக்கிவிட்டால், துரைசாணிமார் மிச்சத் தூரத்தைக் குடை பிடித்துக்கொண்டு நடந்து போய்விடுவார்கள். தூக்கி வந்தவர்கள் பாறை நிழலில் காத்திருப்பார்கள்.

இதெல்லாம் ராகேலுக்குத் தெரியாது. அருவி எப்படி இருக்கும் என்று அவள் கேட்கும்போதெல்லாம் மாசிலாமணி, தண்ணி விழும், அவ்வளவுதான் என்று பேச்சை முடித்துவிடுவான். அவன் எப்போதுமே குறைவாகப் பேசுகிறவன் என்பதால் அவளும் விட்டுவிடுவாள்.

1931-ம் வருஷம் ஆனி மாதம், ஒருநாள் மத்தியானம் கிருஷ்ணமணி கஞ்சி குடிக்க வந்திருந்தான். ராகேல் அவனிடம், அருவி மேலேயிருந்து ஒரே வீச்சில் விழுகிறதா, இல்லை, பாறையில் பட்டுச் சிதறி விழுகிறதா என்று கேட்டாள். கிருஷ்ணமணி மாசிலாமணியைப் பார்த்தான். பிறகு கஞ்சிக் கும்பாவைப் பார்த்தான்.

“யாரு பாத்தா, மயினி? நாங்க சத்தம்தான் கேட்டிருக்கோம்.”

ஆனைப்பாறைக் கதையை அவன்தான் சொன்னான். மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். எத்தனை வருஷமாகத் தூக்குகிறீர்கள் என்று ராகேல் கேட்டாள். இருவருக்கும் கணக்குச் சொல்லத் தெரியவில்லை. மீசை முளைத்த காலத்திலிருந்து என்றான் கிருஷ்ணமணி.

அவள் கொஞ்ச நேரம் பெட்டி முடைந்தாள். பிறகு நாரைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு அதைப் பாக்கணும்” என்றாள்.

மாசிலாமணி விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தான். மறுநாளும் அதையே சொன்னபோதுதான், எப்படிப் போவாய் என்று கேட்டான்.

“துரைசாணியைத் தூக்கிட்டுப் போறீரு. நான் அவளைவிடக் கனமா?”

கனம் அல்ல, பயம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மூன்று நாள் யோசித்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் ராகேலே கிருஷ்ணமணியிடம் கேட்டுவிட்டாள். கிருஷ்ணமணி அண்ணன் தம்பி இருவரிடமும் கேட்டுவிட்டான். தம்பிக்காரனின் பெண்டாட்டி, நமக்கு ஏன் இந்த வேலை என்று சண்டை பிடித்தாளாம். ஆனாலும் அவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். தூக்குகிற நாலு பேருக்கும் ஆனைப்பாறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை உள்ளுக்குள் கிடந்திருக்க வேண்டும். யாராவது ஒருவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

எஸ்டேட் நாற்காலியைத் தொடக் கூடாது என்று ராகேல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாளைக்குத் திருட்டுப் பட்டம் கட்டுவார்கள். மாசிலாமணி மூங்கில் வெட்டிச் சட்டம் கட்டினான். உட்காரும் இடத்தையும் சாயும் இடத்தையும் அவளே பனைநாரில் பின்னினாள்.

நாற்காலி முற்றத்தில் இருந்தால் செய்தி எப்படி ஒளியும்? முதலில் சபை உபதேசியார் வந்தார். நாட்டார்களிடம் நாம் அனுசரித்துப் போகிறதால்தான் ஜெபவீடு நிற்கிறது, அருவியைப் பார்க்காவிட்டால் ஆத்துமா நஷ்டப்படப் போவதில்லை என்று தன்மையாகச் சொன்னார். அருவியைப் பார்த்தாலும் நஷ்டப்படாதே என்று ராகேல் திருப்பிக் கேட்டாள். உபதேசியார் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துக் கணபதியப்பனே வந்தார். குடிசையை விட்டுத் தள்ளி, ஒரு தென்னைமரத்தடியில் நின்றார். மாசிலாமணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிப்போய் நின்றான். ராகேல் முற்றத்தில் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தாள்.

அவர் முதலில் கோபப்படவில்லை. சுசீந்திரத்தில் தெருவில் நடக்க வேண்டும் என்று ஆட்கள் சத்தியாகிரகம் பண்ணுகிறார்கள், நாகர்கோவிலில் கூட்டம் போடுகிறார்கள், அதெல்லாம் படித்தவர்கள் விஷயம், உங்களுக்கு எதற்கு என்று கேட்டார். பார்க்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று ராகேல் சொன்னாள். அவருக்கு அந்தப் பதில்தான் தாங்கவில்லை. சத்தியாகிரகம் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார் போலிருக்கிறது.

“கேட்டுக்கோட்டி. நீ எங்க வேணும்னாலும் போ. ஆனைப்பாறையைத் தாண்டினா, இந்தக் குடிசைக்குத் திரும்பி வரப்பிடாது.”

“சரி நயினாரே” என்றாள் ராகேல். “அப்ப, சட்டி பானையையும் கூடவே எடுத்துட்டுப் போறோம்.”

கணபதியப்பன் மாசிலாமணியைப் பார்த்தார். அவன் ஏதாவது சொல்லித் தடுப்பான் என்று எதிர்பார்த்திருப்பார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் போன பிறகு அவன் திரும்பிக் குடிசையைப் பார்த்தான். அப்பா கட்டிய குடிசை. அம்மா அங்கேதான் கண்ணை மூடினாள்.  மறுநாள் விடிந்ததும் பரணிலிருந்து உரலுக்குரிய உலக்கையை இறக்கி, அம்மியைத் தூக்கிப் பார்த்து, இதைக் கொண்டுபோக முடியாது என்றான். அம்மி கிடக்கட்டும், மலையில் கல்லுக்கா பஞ்சம் என்றாள் அவள்.

ஆடி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். நாலு பேர் நாற்காலியைத் தூக்கினார்கள். ராகேல் சாயம் போன சேலையைத் துவைத்து உடுத்து, தலைவாரி, நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் இரண்டு மண்பானைகள். கழியில் பாயும் துணிமூட்டையும் தொங்கின. தம்பிக்காரனின் பெண்டாட்டி, அந்தச் சண்டைக்காரி, மிச்சச் சட்டிகளைக் கடவப்பெட்டியில் வைத்துச் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள். ஊர் எல்லை வழியாக அவர்கள் போனபோது வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். 

ஓடைக்கரையில் கார்டு எழுந்து வந்தார். பத்மநாபபுரம் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த வாலிபர். வெட்டுக்கத்தி, கோடாலி இருக்கிறதா என்று பார்த்தார். பானைகளைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஊர்க்காரர்கள் சிலர் மேலே குளிக்கப் போயிருக்கிறார்கள், அவர்கள் இறங்கிய பிறகு போகலாமே என்றார்.

“அப்படிப் போனா அது ஒளிச்சுப் போறதாயிரும், ஏமானே” என்றாள் ராகேல். “நாங்க ஒண்ணையும் வெட்ட வரல்ல. பாக்க வந்திருக்கோம். பாக்கப்பிடாதுன்னு சர்க்கார் சொல்லியிருந்தா சொல்லுங்க, திரும்பிப் போறோம்.”

சர்க்கார் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று கார்டு ஒப்புக்கொண்டார். வழியை விட்டார். ஆனால் மனசு கேட்காமல் கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே வந்தார்.

சாரல் பெய்து பாதை சேறாகிக் கிடந்தது. அட்டைகள் கணுக்காலில் ஏறின. ஏறஏறச் சத்தம் கூடியது. காற்றில் ஈரம் வந்தது. ஆனைப்பாறைக்கு வந்ததும் நாற்காலி நின்றுவிட்டது. யாரும் நில்லுங்கள் என்று சொல்லவில்லை. நாலு பேரின் கால்களும் தாமாகவே நின்றன. நாலு தோள்களும் ஒன்றுபோல் தாழ்ந்து நாற்காலியைத் தரையில் வைத்தன.

“ஏன் இறக்கிட்டீரு?”

மாசிலாமணி முகத்தைத் துடைத்தான். “இதுவரைக்கும்தான்” என்றான்.

“யாரு சொன்னா? இஞ்ச யாருமில்லியே.”

அவன் சுற்றிலும் பார்த்தான். உண்மைதான். பாறை இருந்தது, பாதை இருந்தது. பாதையில் கயிறு கட்டியிருக்கவில்லை, முள் வெட்டிப் போட்டிருக்கவில்லை. இத்தனை வருஷமும் ஒரு தடவைகூட யாரும் இங்கே காவல் நின்றதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காதுவரை சூடேறியது. வெட்கமா கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை. குனிந்து கழியைத் தோளில் ஏற்றினான். மற்ற மூவரும் ஏற்றினார்கள்.

பாதை திரும்பியது. அருவி நின்றது. மேலே வானத்தை ஒட்டியிருந்த பாறையின் உச்சியிலிருந்து ஒரே தூணாக, எதிலும் படாமல், தண்ணீர் நேரே இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பாறைக்குழியில் இடித்து, புகையாக எழுந்து, பக்கத்து மரங்களை எல்லாம் ஆட்டியது. ராகேல் வாயைத் திறந்தபடி இருந்தாள். அவள் ஏதோ சொன்னாள், அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

குழியின் கரையில், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து ஊறவைத்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள். முன்னால் நின்றவன் நீலகண்டன், கணபதியப்பனின் மருமகன். அவருக்குப் பிறகு அந்தச் சொத்துக்கு வரப்போகிறவன். நாற்காலியைக் கண்டதும் அவன் முதலில் நடக்க முடியாத யாரோ துரைசாணி என்று நினைத்து ஒதுங்கினான். பிறகு முகம் தெரிந்தது.

“ஏலே, மாசிலாமணி. தண்ணியில கால் வைக்காதே. சொல்லிட்டேன்.”

 மாசிலாமணி நடையை நிறுத்தவில்லை. அவன் கால் முதலில் தண்ணீரில் இறங்கியது. பிறகு கிருஷ்ணமணி, பிறகு அண்ணன் தம்பி. முழங்கால் அளவுத் தண்ணீரில், பரந்து கிடந்த ஒரு பாறைமேல் நாற்காலியை இறக்கினார்கள்.

நீலகண்டன் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அப்போது பின்னாலிருந்து கார்டின் குரல் கேட்டது. இது ரிசர்வ் காடு, அடிதடி நடந்தால் நான் மேலே எழுதிப்போட வேண்டியிருக்கும், யார் முதலில் கை ஓங்கினது என்றும் எழுத வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னார். யாருக்கும் பரிந்து பேசுகிற குரல் அல்ல அது. தனக்கு வேலை வைக்காதீர்கள் என்கிற குரல். நீலகண்டன் கம்பைப் பிடித்தபடியே நின்றான். இனி அந்தத் தண்ணீரில் அவன் குளிக்கவும் முடியாது. ஊர்க் குளத்துக்குப் போனாலும் இதே தண்ணீர்தான். கடைசியில் அவர்கள் தலையில் வழிந்த எண்ணெயோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கினார்கள்.

ராகேல் தன்னைத் தண்ணீருக்குள் இறக்கச் சொன்னாள். மாசிலாமணி அவளைத் தூக்கிப் பாறையின் ஓரத்தில் உட்காரவைத்தான். தண்ணீர் அவளுடைய இடுப்புவரை வந்தது. உடைந்த நாளிலிருந்து அந்த இடுப்பில் ஒரு வலி விடாமல் இருந்தது. குளிர் அதைக் கொஞ்ச நேரத்துக்கு மரத்துப்போக வைத்தது. அவள் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றினாள். மறுபடியும் அள்ளினாள். முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. அழுதாளா சிரித்தாளா என்று கூட இருந்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. முகமெல்லாம் தண்ணீராக இருந்தது.

மாசிலாமணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடை இறங்கிப் போகிற திசையைக் கையால் காட்டினான்.

“பொழுது சாயும் முன்ன இது குளத்துக்குப் போயிரும்” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து ராகேல் பார்த்ததே இல்லை.

அன்று அவர்கள் தோப்புக்குத் திரும்பவில்லை. எஸ்டேட் லயத்தில் அண்ணன் தம்பி இருந்த வரிசையில் ஒரு அறை பூட்டிக் கிடந்தது. கங்காணியிடம் கேட்டு அதில் பானைகளை இறக்கினார்கள். ஊரில் குளத்துக்குத் தீட்டுக் கழிக்கும் சுத்திகலசம் நடந்தது. கணபதியப்பன் துரையிடம் முறையிட்டார். எஸ்டேட் நாற்காலியை எடுத்தார்களா என்று மட்டும் துரை கேட்டார். இல்லை என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை என் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். மாசிலாமணி ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கக் கற்றுக்கொண்டான். லயத்துச் சுவர் ஈரமாக இருந்தது. ஆடி ஆவணி மழையில் ராகேலுக்கு இருமல் பிடித்தது. தோப்பில் இருந்த காற்றும் வெளிச்சமும் அங்கே இல்லை. அதை நினைத்து அவள் ஏங்கினாள் என்பதும் உண்மை. ஆனால் அதை மாசிலாமணியிடம் சொல்லவில்லை.

ஆவணிக் கடைசியில் கன்னிப்பூ அறுப்பு வந்தது. மாசிலாமணி போனதைப் பார்த்து, தோப்பில் அவர்களைப்போலவே குடியிருந்த இன்னும் சில குடும்பங்கள் எஸ்டேட்டுக்கு ஏறிவிட்டிருந்தன. கதிர் முற்றி நிற்கிறது, அறுக்கக் கை இல்லை. கணபதியப்பன் எஸ்டேட் ரோடு வரைக்கும் வில்வண்டியில் வந்து, அவர்களைக் கூப்பிட்டனுப்பினார். கிருஷ்ணமணியும் மாசிலாமணியும் ராகேலைத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோரத்தில் இறக்கினார்கள்.

அவர் இளைத்திருந்தார். குடிசை அப்படியேதான் இருக்கிறது, ஓலைகூட மாற்றி வைத்திருக்கிறேன் என்றார். ஊரார் வாயை அடைக்க ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அருவியைத் தூரத்திலிருந்து பார்த்தோம், தண்ணீரைத் தொடவில்லை என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீலகண்டன் சொன்னதைப் பொய்யென்று ஆக்க அவருக்கே சம்மதம் என்றால் அவருடைய நெருக்கடி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராகேல் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் தொட்டேன் நயினாரே. தலை நனைய முங்கினேன். நாலு பேரு கேட்டா நாலு பேருகிட்டயும் இதைத்தான் சொல்லுவேன்.”

“பெறவு எப்படிட்டி ஊருக்குள்ள வருவ?”

“நாங்க வரல்ல.”

அவர் மாசிலாமணியின் பக்கம் திரும்பினார். நீயாவது யோசி, பெண்பிள்ளை பேச்சைக் கேட்டு அப்பன் இருந்த இடத்தை விடுகிறாயே என்றார். மாசிலாமணி இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. துண்டு தோளிலேயே கிடந்தது.

“அவ சொன்னதுதான்” என்றான்.

வண்டி திரும்பிப் போனது. அந்த வருஷம் கணபதியப்பன் வயலில் பாதிக் கதிர் மழையில் சாய்ந்தது. அதைக் கேட்டு ராகேல் சந்தோஷப்படவில்லை. அவள் நட்ட வயல் அது. ஆனால் இரங்கியும் போகவில்லை.

அடுத்த ஆடியில் லயத்துக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு உலக்கை அருவிக்குப் போயின. முன்னால் ராகேலின் நாற்காலி போயிற்று. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கூட்டம் போனது. ஒவ்வொரு வாரமும் குளத்தைச் சுத்தி பண்ணிக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று கோயில் பூசை செய்யும் போற்றி கையை விரித்துவிட்டார். அப்புறம் அந்தப் பேச்சு மெல்ல அடங்கிவிட்டது. யாரும் அனுமதி கொடுக்கவில்லை. தடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். கார்டு மட்டும் வழக்கம்போல ஓடைக்கரையில் கத்தி, கோடாலி இருக்கிறதா என்று பார்த்து விடுவார்.

அருவியோடு ராகேலின் ஆசை நிற்கவில்லை. கன்னியாகுமரிக்குப் போய்க் கடலைப் பார்த்தாள். பிறகு சிதறால் மலை மேல் பாறையில் கொத்திய உருவங்கள் இருக்கின்றன என்று யாரோ சொல்லக் கேட்டு, அதையும் பார்க்க வேண்டும் என்றாள். 1937-ல், மாட்டுவண்டியில் மார்த்தாண்டம்வரை போய், அங்கிருந்து நாற்காலியில் ஏறினாள். கிருஷ்ணமணிக்குத் தோள்பட்டை வலி வந்திருந்தது, முனகிக்கொண்டேதான் தூக்கினான். சந்தை நாள். ரோடு நிறைய ஜனம். நாற்காலியில் வருகிறாளே, ஏதோ பெரிய வீட்டு அம்மாவாக இருக்கும் என்று நினைத்த ஒரு மிளகு வியாபாரி, வழியை மறித்து நின்றுகொண்டே, எந்த வீட்டு அம்மா என்று மரியாதையாகக் கேட்டார். 

“ஒரு வீடும் இல்ல” என்றாள் ராகேல். “மாசிலாமணிக்க பெண்டாட்டியாக்கும். ஒதுங்கி வழி விடும், வெயில் ஏறுது.”